வெள்ளிக்கிழமை மட்டும் வந்த நாற்றம்

“…அதைத்தான் நானும் கேக்குறேன் பாய். நெருப்பில்லாம எங்கயாச்சும் புகையுமா? இவன் பீடி குடிக்கலையின்னா, அந்த நாத்தம் என்ன ஆகாசத்துலருந்து எறங்கி வருதா?”

இப்படிக் கேட்டுவிட்டு ஆச்சி கார்ச் சாவியைத் தம் முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டார். பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றார் டிரைவர். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக் காரை ஓட்டுகிறவர். நடுவில், காரின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான். எழுபதுகளின் தொடக்கம். ஒரு சனிக்கிழமை காலை.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆச்சியின் கணவர் மலேயாவில் தொழில் செய்து ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த அமெரிக்கக் கார் அது. மானகிரிப் பக்கம் போனால் வயலில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, “என்னப்பா, வண்டி வருதா, வீடு நகந்து வருதா?” என்பார்கள். அத்தனை நீளம். அதில் ஏ.சி. வேறு. எங்கள் காரைக்குடி வட்டாரத்தில் அன்றைக்கு ஏ.சி. வைத்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை எண்ண ஒரு விரலே போதும். அந்த ஒரு விரல் நான்தான். பெருமை பேசுகிறான் என்று தோன்றும். ஆமாம், பெருமைதான் பேசுகிறேன். செய்த வேலைக்குத்தானே பேசுகிறேன்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐஸ் கம்பெனியில் எண்ணெய் விடுகிற ஆளாக இருந்தபோது குளிர் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். பிறகு இரண்டு வீட்டு பிரிட்ஜைக் கழற்றிக் கெடுத்தேன், மூன்றாவது வீட்டுக்காரருக்கு நல்லபடியாக வந்தது. ஆச்சியின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில், காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என் கையில் கொடுத்து, “எனக்கே இது புரியல, உங்களுக்காச்சும் புரியுதான்னு பாருங்க பாய்” என்றார். ஒரு கையில் அகராதி, ஒரு கையில் டீ கிளாஸ் என்று நான்கு மாதம் படித்தேன். அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருந்தது. வேலையை எப்படிச் செய்வது என்று இரண்டு வரி எழுதியிருந்தால், செய்யும்போது எப்படிச் சாகாமல் இருப்பது என்று எட்டு வரி எழுதியிருந்தான்.

அந்த எட்டு வரிகளைத்தான் நான் முதலில் மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் ஆக வேண்டுமென்றால் பழமொழி மாதிரி இருக்க வேண்டும். அதனால் அவற்றை என் பாஷைக்கு மாற்றி, தகரக் கொட்டகையின் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்தேன். ‘முதலில் கண்ணாடி, அப்புறம் ஸ்பேனர்.’ ‘சிலிண்டர் குளிக்கலாம், வேகக் கூடாது.’ மார்கழிக் குளிரில் சிலிண்டரிலிருந்து ஏ.சி.க்குப் போடுகிற கேஸ் மெதுவாகத்தான் இறங்கும். பொறுமை இல்லாதவன் அதை அடுப்பில் காட்டுவான், அது வெடிக்கும். நான் கை பொறுக்கிற வெந்நீரில் நிறுத்துவேன், அவ்வளவுதான். ‘ஓட்டையோடு கேஸ் அடிக்காதே’ என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், ‘குளிரும் சுடும்.’

அந்த மேல் வரியைப் புத்தகம் பார்த்து எழுதவில்லை. ஒரு தடவை கண்ணுக்குக் கண்ணாடியும் போடாமல் கையுறையும் போடாமல் ஒரு குழாயைத் திருகினேன். உள்ளே திரவமாக நின்ற கேஸ் பீய்ச்சி என் இடது ஆள்காட்டி விரலில் அடித்தது. விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பிறகு கொப்புளம் கண்டு, ஒரு மாதம் வரை உணர்ச்சியே இல்லை. எதிர் டீக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “தீ சுட்டவனப் பாத்திருப்பீக, குளிரு சுட்டவனப் பாத்திருக்கீகளா? அந்தா இருக்காரு பாருங்க” என்று காட்டிக்கொடுத்தார். சிரித்துக்கொண்டேன். அது கண்ணில் பட்டிருந்தால் இதை எழுத நான் வேறொருவர் கையைத்தான் தேடியிருக்க வேண்டும். அன்றிலிருந்து கடையை மூடிய நாள் வரைக்கும் என் கொட்டகையில் ஒரு கண் போனதில்லை, ஒரு விரல் போனதில்லை. இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆச்சி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோவிலூர்க் கோயிலுக்குப் போவார். மூன்று மாதமாக, காரில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, இருமல் பிடித்தது. ஏற்கெனவே இளைப்பு உள்ள நெஞ்சு. முந்தைய நாள் பாதி வழியில் காரை நிறுத்தி இறங்கி, புளியமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்ப வீட்டுக்கு வந்திருக்கிறார். டிரைவர் ஒரு காலத்தில் பீடிக்காரர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சாமி முன்னால் சத்தியம் செய்து பீடியை விட்டவர். மறுபடி ஆரம்பித்துவிட்டார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே குடிக்கிறார் என்பது ஆச்சியின் முடிவு.

“ஒண்ணாந்தேதி தேவகோட்டையிலருந்து வேற ஆளு வாரான்” என்றார் ஆச்சி. “இவன் கணக்கு அதோட சரி. குடிக்கிறதுகூடப் பெருசில்ல பாய், சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றான் பாருங்க, அதத்தான் தாங்க முடியல.”

நான் காருக்குள் தலையை விட்டு மூக்கை நன்றாக இழுத்துப் பார்த்தேன். பீடி நாற்றம் இல்லை. வேறு எந்த நாற்றமும் இல்லை. அதைச் சொன்னேன்.

“நேத்து அடிச்ச நாத்தம் இன்னைக்கு இருக்குமா?” என்றார் ஆச்சி.

ஏ.சி.யிலும் கோளாறு. மூன்று மாதத்தில் இரண்டு தடவை கேஸ் குறைந்து குளிர் செத்திருந்தது. முதல் தடவை என் சுவரில் எழுதியதை நானே மீறிக் கேஸ் அடித்துக் கொடுத்திருந்தேன், கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தியதால். இந்தத் தடவை மாட்டேன் என்றேன்.

“கேஸ மட்டும் அடிச்சிட்டுப் போங்களேன்.”

“ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துன கதைதான் ஆச்சி. ஓட்டை எங்கன்னு தெரியட்டும்.”

என்ஜின் பக்கத்துக் குழாய்களுக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. அப்படியானால் ஓட்டை உள்ளே, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற குளிர்க் காயிலில்தான் இருக்க வேண்டும். இன்னொரு நாள் சாமான்களோடு வருகிறேன் என்று கிளம்பினேன்.

டிரைவர் வாசல் தாண்டி என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். “பாய், வாரதுதான் வாரீக, வெள்ளிக்கிழமை காலையில வாங்க. ஒரே ஒரு தடவை. அந்த நாத்தத்த நானும் மோந்துருக்கேன், அது பீடி இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆச்சி கேப்பாக. வீட்டுல எம் பொஞ்சாதி கேக்குது, என்னத்தச் செஞ்சு வேலையத் தொலைச்சேன்னு. செய்யாததுக்கு என்ன பேரு சொல்றது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் அந்தக் காரை ஒரு வெள்ளிக்கிழமையும் பார்த்ததில்லை. வெள்ளி எனக்கு ஜும்ஆ தொழுகை, கடைக்கு விடுமுறை. ஆச்சி வீட்டிலிருந்து வெள்ளி சொல்லியனுப்பினால் நான் சனிதான் போவேன். நாற்றம் வெள்ளிக்கிழமை மட்டும் வந்தது. மெக்கானிக் வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் வந்தான். விஷயம் அந்தச் சந்தில் விழுந்து கிடந்தது.

வெள்ளி காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். கையில் என் லீக் விளக்கு. புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து, ஸ்பிரிட்டில் எரிகிற சின்ன விளக்கில் ஒரு செம்புத் தகட்டையும், காற்றை உறிஞ்ச ஒரு நீள ரப்பர்க் குழாயையும் வைத்து நானே செய்தது. குழாய் நுனியைச் சந்தேகப்படுகிற இடத்தில் நீட்ட வேண்டும். காற்றில் கேஸ் கலந்திருந்தால் நீலச் சுடர் பச்சையாக மாறும். ஆனால் அதிலும் ஒரு கறுப்புக் கட்டம் உண்டு. அந்தக் கேஸ் நெருப்பில் பட்டால் நஞ்சாகும். அதனால் விளக்கைத் திறந்த வெளியில், காற்று நமக்குப் பின்னாலிருந்து வீசும்படி நின்று, அரை நிமிஷம்தான் காட்ட வேண்டும். முதல் தடவை நான் கொட்டகைக்குள் வைத்து அதைக் காட்டிவிட்டு, கண்ணும் மூக்கும் எரிந்து தெருவுக்கு ஓடிவந்தேன். அந்தக் காந்தல் நெடி மறக்கிற நெடியல்ல.

கார்க் கொட்டகையில் கார் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே வெள்ளையாகப் புகை.

“என்னண்ணே இது?” என்றேன் டிரைவரிடம்.

“சாம்பிராணி. வெள்ளிக்கிழமைன்னா ஆச்சி தலை முழுகிட்டு வீடு பூராம் போடுவாக. எல்லா ரூமும் முடிச்சு, கடைசியாத்தான் வண்டிக்கு. பெரியவக கொண்டாந்த வண்டில்ல, அதுவும் இந்த வீட்டுல ஒரு ரூமுதாம்பாக. கங்கோட தூபக்கால உள்ள வச்சு, கண்ணாடிய ஏத்திவிட்டா வாசம் தங்குமாம்.”

தூபக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பின் சீட்டுக்கு முன்னால், காலை வைக்கிற தரையில் என்றார்.

அதற்குள் ஆச்சி ஈரத்தலையை முடிந்தபடி வந்துவிட்டார். “என்ன பாய், அதிசயமா வெள்ளிக்கிழமை? மோந்து பாக்க வந்தீகளா? பாருங்க, நல்லாப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே கார்க் கதவைத் திறந்தார். புகை அவர் முகத்தில் அடித்தது. சாம்பிராணி வாசனை. அந்த வாசனைக்கு அடியில், ஊசி மாதிரி, எனக்குத் தெரிந்த அந்தக் காந்தல் நெடி.

“ஆச்சி! பின்னால வாங்க! அங்குட்டுப் போங்க!”

அந்த வீட்டு வளவுக்குள் அதுவரை யாரும் ஆச்சியை அதட்டியதில்லை. நான் அதட்டினேன். அவர் இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். டிரைவர் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நாலு கதவையும் திறந்துவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூபக்காலை எடுத்துப்போய், கிணற்றுக்கு அந்தப்பக்கம் காற்று எதிர்த்திசையில் போகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் செய்ததை நானே பார்த்தேன். தலையில் தொப்பி போட்ட ஒருத்தன், வெள்ளிக்கிழமை காலையில், ஆச்சி வீட்டுச் சாம்பிராணியைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறான். வேலைக்காரர்கள் அப்படியே நின்றார்கள். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பாய், இப்பப் பேசுனது உங்க மார்க்கமா, உங்க தொழிலா?”

“தொழில்தான் ஆச்சி. எங்க தர்காவுலயும் சாம்பிராணிதான் போடுறோம். அதும் மேல ஒரு குத்தமும் இல்ல. அதுக்குக் கீழ படுத்துக் கெடக்குற கேஸ் மேலதான் குத்தம்.”

“படுத்துக் கெடக்குதா?”

“காமிக்கிறேன். காத்து உங்க முதுகுப் பக்கமா வரட்டும், இங்குட்டு வந்து நில்லுங்க.”

காரை ஒரு மணி நேரம் திறந்து போட்டுக் காற்றாட விட்டேன். பிறகு விளக்கை வெளியே முற்றத்தில் வைத்துக் கொளுத்தினேன். சுடர் நீலமாக நின்றது. ரப்பர்க் குழாயின் மறுநுனியை டிரைவர் டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோனார். எண்ண ஆரம்பித்தேன். ஏழு எண்ணுவதற்குள் சுடர் மயில் கழுத்துப் பச்சையாக மாறியது. உடனே அணைத்தேன்.

ஆச்சியிடம் நான் சொன்னேன். இந்தக் கேஸுக்கு மணம் கிடையாது. காற்றைவிடக் கனம். ராத்திரி பூராவும் ஓட்டை வழியாகக் கசிந்து, மூடிய காருக்குள் தரையில் தண்ணீர் மாதிரி தேங்குகிறது. மற்ற நாளில் கதவைத் திறந்ததும் வழிந்து போய்விடும், யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை அந்தத் தேக்கத்துக்கு நடுவில் கங்கு இறங்குகிறது. கங்கில் பட்ட கேஸ் நஞ்சாகிறது. இளைப்பு உள்ள நெஞ்சு அதில் போய் உட்காருகிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டை பெரிதாகியிருந்தால் நாம் இப்படி நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

“அப்ப இந்த மூணு மாசமா அந்த நாத்தத்த உண்டாக்குனது…” என்று ஆரம்பித்த ஆச்சி அதை முடிக்கவில்லை.

“வண்டிதான் ஆச்சி” என்றார் டிரைவர் சட்டென்று. “வேற யாரு? வண்டிதான்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஒரு பழமொழி உண்டு. என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழமொழி தெரிந்தவனுக்கு எதை எப்போது சொல்லக்கூடாது என்றும் தெரிய வேண்டும். விழுங்கிவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன்.

மறுநாள் வேலை. முதலில் மீதிக் கேஸை முற்றத்தின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது என்றேன். ஆச்சி பின்கட்டுக்குக் கேட்கும்படி ஒரே குரல்தான் கொடுத்தார். அந்த வீட்டில் அத்தனை அடுப்பும் அணைந்தது. சோறு பாதி வெந்தபடி நின்றது. அந்த மரியாதையை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கலெக்டர் வந்திருந்தாலும் அந்த அடுப்புகள் அணைந்திருக்காது.

நடுவில் என்ஜினை ஓட்டிப் பார்க்கச் சாவி வேண்டும் என்றேன். ஆச்சி முடிச்சை அவிழ்த்து என் கையில்தான் கொடுத்தார். வேலை முடிந்ததும் என்னிடமே வாங்கி மறுபடி முடிந்துகொண்டார். பக்கத்திலேயே நின்ற டிரைவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஸ்பேனர்களைத் துடைத்தார்.

காயிலைக் கழற்றி, கல்யாணச் சோறு வடிக்கிற பெரிய பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி முக்கினோம். உள்ளே காற்றடிக்க வேண்டும். வெல்டிங் கடைக்காரர், “எங்கிட்ட ஆக்சிஜன் சிலிண்டர் சும்மாதான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க பாய்” என்று நல்ல மனசோடு சொல்லியிருந்தார். ஆக்சிஜனும் காயிலுக்குள் இருக்கிற எண்ணெயும் சந்தித்தால் அண்டாவும் நாங்களும் அரியக்குடிக் கோபுரம் வரை பறந்திருப்போம். டயர்க் கடையிலிருந்து காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவந்து அளவாக அடித்தேன்.

டிரைவர் அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். கண் இமைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் அவர் தேடியது காரின் ஓட்டையை மட்டும் இல்லை.

“பாய், இந்தா! வருது! கடுகு மாதிரி வருது!”

ஒரு பிடிப்புத் தகடு ஆடி ஆடி, செம்புக் குழாயை அரைத்து ஊசிமுனை அளவுக்குத் துளைத்திருந்தது. உலர்த்தி, வெள்ளிக் கம்பியை உருக்கிப் பற்றவைத்து அடைத்து, மறுபடி அண்டாவில் முக்கினேன். தண்ணீர் தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது. எல்லாவற்றையும் பூட்டி, பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கொண்டு நானே செய்த பம்பால் உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் அரை நாள் உறிஞ்சினேன். மறுநாள் காலை வரை அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் நின்ற இடத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் கண்ணாடி போட்டு, கையுறை போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, கேஸ் அடித்தேன். லீக் விளக்கை எங்கே காட்டினாலும் நீலம்.

அந்த வாரம் முழுக்க ஆச்சி டிரைவரிடம் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். தேவகோட்டை ஆளை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினாரா இல்லையா என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளி, யாரும் கூப்பிடாமலேயே போனேன். என் வேலையை நானே பார்க்க வேண்டாமா?

ஆச்சி ஈரத்தலையோடு, புகைகிற தூபக்காலைக் கையில் ஏந்தி வந்தார். கொட்டகைக்கு இருபதடி முன்னால் நின்றார். ஓட்டை அடைபட்டாலும் காருக்குள் கங்கு வைக்கக் கூடாது, நாளைக்கு வேறு ஓட்டை வராது என்று எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஆச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவரைப் பார்த்தார்.

“நெருப்பு எதுவரைக்கும் வரலாம்? நீ சொல்லு.”

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் மாமரத்தில் ஏதோ குருவியைப் பார்த்தேன்.

அவர் நடந்துபோய், ஆச்சிக்கு நாலடி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் மணலில் ஒரு கோடு இழுத்தார். “இதுவரைக்கும் வாங்க ஆச்சி. இதுக்கு இங்குட்டு வேணாம்.”

ஆச்சி கோடு வரைக்கும் வந்தார். தூபக்காலைக் கோட்டுக்கு அந்தப்பக்கமே இறக்கி வைத்து, கங்கின் மேல் இன்னொரு கை சாம்பிராணி தூவி, காரைப் பார்த்து மூன்று தடவை விசிறினார். பிறகு கோட்டைத் தாண்டி வந்து, முந்தானை முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, சாவியை டிரைவரின் உள்ளங்கையில் வைத்து, பின் கதவுக்கு முன்னால் போய் அவர் வந்து திறக்கும்வரை நின்றார்.